கற்பூரம் காட்டிய பல்செட்

ஆர்.எஸ்.புரத்துச் சந்து ஒன்றில் இருக்கும் அந்தப் பல் கட்டும் லேபில் பிரான்சிசின் மேசையைப் பார்த்து முகம் சுளிக்காதவர் ஒருவர்கூட இல்லை. கொரியர்காரர் சுளிப்பார், டீ கொண்டு வருகிறவர் சுளிப்பார், பக்கத்து மேசைக் கயல்விழி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு சுளிப்பாள். பிரான்சிசுக்கு அதில் ஒரு குரூரமான சந்தோஷம். சுளிக்கிறவன் கிட்டே வரமாட்டான், கிட்டே வராதவன் கை வைக்கமாட்டான். வேலி போட முள்ளுக்கம்பிதான் வேண்டுமா என்ன?

அந்த மேசையில் என்னதான் இல்லை? உடைந்த பிளாஸ்டர் அச்சுகள், ரோஸ் நிற மெழுகுத் துண்டுகள், முனை தேய்ந்த கத்திகள், கரி பிடித்த ஸ்பிரிட் விளக்கு. காய்ந்த டீ கப்புக்குள் யாருக்கோ போகவேண்டிய முன்பற்கள், போண்டா மடித்த தாளில் வேறு யாருடையதோ கடைவாய்ப்பற்கள். எல்லாவற்றின்மேலும் மாவு மில்லில் போலப் பிளாஸ்டர் தூசி. கோவையில் எத்தனையோ பேர் இந்தக் குப்பையில் பிறந்த பல்லை மாட்டிக்கொண்டுதான் பந்தியில் முறுக்குக் கடிக்கிறார்கள். எந்த டப்பாவிலும் பேர் கிடையாது. கேட்டால், "எனக்குத் தெரியுமுங்க, அது போதும்" என்பார். அவர் ஒரு நாள் லீவு போட்டால் அந்த மேசையில் யாராலும் ஒரு வேலையும் செய்யமுடியாது. அதுவும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி வைத்திருந்தார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமென்றால் கொடுமுடிப் பக்கம் போகவேண்டும். அப்பா மாரப்பன் அங்கே மஞ்சள்காட்டுக் கூலி. அவருக்கு ஞானஸ்நானத்தில் சூசை என்று பேர் வைத்தார்கள், ஊரில் ஒருவரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடியிருந்த சாளை என்கிற குடிசை காட்டுக்குச் சொந்தக்காரரான பண்ணாடியுடையது. ஒருநாள் எல்லோரும் காட்டில் இருந்த நேரத்தில் பண்ணாடி வீட்டம்மாள் ஆள்விட்டு, வேகவைத்த மஞ்சளைப் போட இடம் வேண்டுமென்று இவர்களுடைய பானை, பாய், துணி, சிலுவைப் படம் எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிரான்சிஸ்தான் முதலில் பார்த்தது. தூக்கி எறிந்திருந்தால்கூட மறந்திருப்பார். பெரிசு, சிறிசு என்று வரிசையாக, அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதைத்தான் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பிறகு கோவைக்கு வந்தார், பல் கட்டும் வேலைக்கு டிப்ளமோ படித்தார். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் பாதியை விற்று லேப் ஆரம்பித்த அப்புசாமி கவுண்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதல்நாள் அப்புசாமி ஒரு சன்மைக்கா மேசையைத் தட்டி, "இது உன்ற மேசையப்பா. நீ எப்புடி வேணா வெச்சுக்க" என்றார். மற்றவர்களுக்கு அது சும்மா ஒரு பேச்சு. பிரான்சிஸ் அதைக் கிரையப் பத்திரம் மாதிரி நெஞ்சில் வைத்துக்கொண்டார். இருபது வருஷமாக அந்த மேசைமேல் யாரையும் விரல் வைக்க விட்டதில்லை.

ஆயுத பூஜைக்குக்கூட ஒரு சமாதானம் உண்டு. லேப் முழுக்கக் கழுவி விடுவார்கள், சாமான்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். இவர் மேசைக்கு முன்னால் வந்ததும் அப்புசாமி நின்று, ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, குப்பைமேல் ஒரு சாமந்திப் பூவைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பிரான்சிஸ் பூவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு பொரி தின்பார். மதச் சண்டை, மேசைச் சண்டை எல்லாம் அதோடு முடிந்தது.

அப்புறம் அப்புசாமியின் மருமகள் மோகனப்பிரியா வந்தாள். எம்.பி.ஏ. படித்தவள், சுறுசுறுப்பானவள், லேபுக்கு ஏசி போட்டதும் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவள்தான். வந்த முதல் வாரமே மேசைக்கு எதிரில் நின்று, "பிரான்சிஸ், அவங்கவங்க ஊட்டுல எப்புடி வேணா இருக்கலாமுங்க. இங்க சுத்தமா இருக்கப் பழகோணும்" என்றாள். 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். கொங்குநாட்டில் அடிக்கிற அடிக்குக்கூட ஒரு 'ங்க' உண்டு.

"நான் வேலை செய்யற எடம் இப்புடித்தானுங்க மேடம்."

"இனிமே யாருக்கும் தனி மேசை கிடையாதுங்க. யாரு எங்க வேணா உக்காரலாம். பூஜை முடிஞ்சதும் ஆரம்பிக்கறோம்."

இவர் அப்புசாமியைப் பார்த்தார். "வுடு கண்ணு, அவன் மேசை அப்புடித்தான்" என்று அப்புசாமி சிரித்தார். சிரித்தபோது முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து தெரிந்தது. பக்கத்துப் பல் ஒன்று முன்பல்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். 'ச' சொல்லும்போதெல்லாம் சந்து வழியே மெல்லிசாக விசில் வரும். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பிரான்சிஸ் தைரியமாக இருந்தார்.

அந்தப் பற்களும் நிற்கவில்லை. சர்க்கரை வியாதி ஒவ்வொன்றாக ஆட்டிவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கவேண்டும் என்றார் டாக்டர். பிடுங்குவதற்கு முன்பே பிரான்சிஸ் அந்த வாயைப் பிளாஸ்டரில் அச்சு எடுத்து வைத்துக்கொண்டார். ஈறு ஆறியதும், அச்சைப் பார்த்துப் பார்த்து அதே சந்து, அதே கோணலோடு மெழுகில் பல் நட்டார். மெழுகில் வாய்க்கு வைத்துப் பார்த்துச் சரியாக இருந்தால்தான் அப்புறம் கெட்டியாக வார்ப்பார்கள். கொடுமுடிக் கோயிலில் அப்புசாமிக்கு எழுபதாம் கல்யாணம் வைத்திருந்தார்கள், அதற்குள் முடியவேண்டும். இவ்வளவு ஆசையாகப் பிரான்சிஸ் வேறு யாருக்கும் பல் கட்டியதில்லை. நட்டு முடித்து மேசைமேல் வைத்துவிட்டு, அச்சைப் பேப்பரில் சுற்றி டீ கப்புக்குப் பின்னால் செருகிவிட்டு, பூஜை லீவுக்கு மனைவி அன்புச்செல்வியின் அம்மா வீட்டுக்குப் பொள்ளாச்சி போனார்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோதே பினாயில் வாடை முகத்தில் அடித்தது. மேசை வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதற்கு அடியில் வெள்ளைச் சன்மைக்கா இருந்தது அவருக்கே மறந்து போயிருந்தது. கத்திகள் நீளவாரியாக, டப்பாக்கள் ஒரே அளவாக, ஒவ்வொன்றிலும் பேர் ஒட்டி அடுக்கியிருந்தது. பெரிசு, சிறிசு என்று வரிசையாக.

"பாத்தீங்களா, நானே நின்னு செஞ்சேனுங்க" என்றாள் மோகனப்பிரியா. நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னாள். "உங்க மேசைல உருப்படியா இருந்தது ஒண்ணுதான். மாமாவோட பல்லுன்னு கயல்விழி சொன்னா. அதைச் சாமிகிட்ட வெச்சுக் கும்பிட்டோம்."

சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலை. அதில் பொரி, கடலை, ஆரஞ்சுப்பழம். குத்துவிளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் நடுவே சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு பல்செட் இருந்தது. இருந்தது என்றா சொல்வது? விளக்கின் சூட்டில் மெழுகு இளகி ஒருபக்கமாக வழிந்து, பல்லெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. ஒரு முன்பல் பொரிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள், இது சரஸ்வதிக்கு நடந்தது.

"அச்சு எங்கீங்க?"

"எந்த அச்சு?"

"பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தனே. டீ கப்புக்குப் பொறத்தால."

மோகனப்பிரியாவின் முகம் மாறியது. "ஒடஞ்ச பிளாஸ்டரெல்லாம் மூட்டை கட்டிக் குப்பை வண்டிக்குப் போட்டாச்சுங்களே."

பிரான்சிஸ் கத்தினார். இருபது வருஷத்தில் அந்த லேபில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். யாரைக் கேட்டுக் கை வைத்தீர்கள் என்றார், மெழுகுக்கு விளக்கு காட்டுகிற புத்தி எங்கிருந்து வந்தது என்றார். அவளும் சளைக்கவில்லை. ஒரு காலி டப்பாவை எடுத்து, ஸ்டிக்கரில் 'அப்புசாமி' என்று எழுதி ஒட்டி, அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள். "இப்புடிப் பேர் எழுதி வெச்சிருந்தா நான் ஏனுங்க தூக்கிப் போடறேன்? சொல்லுங்க!"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவருக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

சத்தம் கேட்டு அப்புசாமி மாடியிலிருந்து இறங்கி வந்தார். வாயைத் துண்டால் மறைத்திருந்தார். இலையில் கிடந்ததைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பிரான்சிசைப் பார்த்தார். இப்போது சொல்வார் என்று பிரான்சிஸ் காத்திருந்தார். அவன் மேசை அப்படித்தான், உனக்கென்ன அம்மணி அங்கே வேலை என்று சொல்வார். அந்த ஒரு வார்த்தை போதும், பல்லை எப்படியாவது திரும்பக் கட்டிவிடலாம்.

அப்புசாமி துண்டை எடுத்தார். "அவ சொல்றதுல என்னப்பா தப்பு? எங்க கொண்டாந்து உக்கார வெச்சாலும் உங்க சனத்துக்குச் சுத்தம் வராது."

பல் போன நாளிலிருந்து அவர் பேசுவதில் பாதி யாருக்கும் புரிவதில்லை. இது மட்டும் துளிக் குழறலும் இல்லாமல் வந்தது. கயல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். மோகனப்பிரியாவே, "மாமா" என்று இழுத்தாள்.

பிரான்சிசுக்கு இப்போது விளங்கிவிட்டது. இருபது வருஷம் நெஞ்சில் வைத்திருந்த பத்திரம் வெறும் தாள். சாளை எப்போதும் பண்ணாடியுடையதுதான்.

"கல்யாணத்துக்குள்ள ஆயிருமா?" என்றார் அப்புசாமி.

"ஆயிருமுங்க" என்றார் பிரான்சிஸ். "சுத்தமாச் செஞ்சு குடுத்துடறேனுங்க."

வீட்டில் அன்புச்செல்வி விஷயத்தைக் கேட்டுக் கொதித்தாள். வேலையை விட்டுவிடு என்றாள். அப்புறம் கொஞ்சம் அடங்கி, "அச்சு இல்லாட்டி என்ன? அந்த வாய்தான் உங்களுக்கு மனப்பாடமாச்சே" என்றாள்.

"கண்ணை மூடுனா அப்புடியே தெரியுது."

"அப்புறமென்ன?"

"தெரியட்டும்" என்றார்.

மறுநாளிலிருந்து துடைத்த மேசையில் உட்கார்ந்து, புதிதாக ஈறு அளவு எடுத்து, டப்பாவில் இருந்த பற்களிலேயே வெள்ளையானவற்றைப் பொறுக்கி எடுத்தார். சந்து இல்லை, கோணல் இல்லை, ஒன்றுக்கொன்று மயிரளவு ஏற்றத்தாழ்வு இல்லை. கேட்லாக்கில் அச்சடித்த படம்கூட அவ்வளவு ஒழுங்காக இராது. கையில் வாங்கிப் பார்த்த மோகனப்பிரியா, "சூப்பருங்க பிரான்சிஸ்! மேசை சுத்தமா இருந்தா வேலை எப்புடி வருது பாருங்க" என்றாள். அவர் தலையாட்டினார். அப்புசாமி பொருத்திக் கடித்துப் பார்த்தார். வலி இல்லை, ஆட்டம் இல்லை. கண்ணாடிக்குள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பழகுனாச் சரியாப் போயிரும்" என்றார்.

கொடுமுடிக்கு லேப் ஆட்களையும் அழைத்திருந்தார்கள். பிரான்சிஸ் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேளம் முழங்க, அப்புசாமியின் மனைவி கருப்பாத்தாள் மாலையைத் தூக்கினார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். வழக்கமாகப் போட்டோவென்றால் மரியாதை போய்விடும் என்று வாயை இறுக்கிக்கொள்ளும் அப்புசாமி, புதுப்பல் ஆயிற்றே என்று அகலமாகச் சிரித்தார். கருப்பாத்தாளின் கை மாலையோடு அப்படியே நின்றது. ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, வாயை மூடிக்கோங்க" என்றார். "யாரோ மாதிரி இருக்குது."

முன்வரிசை சிரித்தது. அப்புசாமி சிரிக்கவில்லை. வாயை மூடியவர் விருந்து முடியும்வரை திறக்கவில்லை. பிரான்சிசுக்கு உள்ளுக்குள் இனித்தது. ஆனால் இலையில் உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அப்புசாமி லேபுக்கு வந்தார். மேசைக்கு எதிரில், மருமகள் நின்ற அதே இடத்தில் நின்றார். பல்லைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பிரான்சிசு, இது நானில்லையப்பா. ஊட்டுல மூஞ்சி குடுத்துப் பேசமாட்டேங்கறா. பேத்தி கிட்ட வரமாட்டேங்குது." கையிலிருந்த பல்லை மேசைமேல் வைத்தார். "அன்னைக்குக் கோவத்துல ஏதோ சொல்லிப்போட்டேன். இது உன்ற மேசைதான். பழையபடி எப்புடி வேணா போட்டுக்க, அம்மணிகிட்ட நான் சொல்லிக்கறேன். என்ற பழைய பல்லு எப்புடி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமே?"

தெரியும். அந்தச் சந்தின் அகலம், மேலே கால் போட்ட பல்லின் சாய்வு, விசில் வருகிற இடம், எல்லாம் தெரியும். மேசையும் இப்போது கேட்காமலே திரும்பி வந்துவிட்டது. சரியென்று ஒரு சொல் சொன்னால் போதும்.

பிரான்சிஸ் எழுந்து, வரிசையாக அடுக்கியிருந்ததில் அன்று மோகனப்பிரியா 'அப்புசாமி' என்று ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவை எடுத்தார். மேசைமேல் விழுந்திருந்த ஒரு மெழுகுத் துணுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, டப்பாவை அவர் பக்கமாக நகர்த்தி, மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை.

"உங்க பேரு எழுதுன டப்பா இதுதானுங்க" என்றார்.