பீப் சத்தத்தில் ஸ ரி க ம

நசரத்பேட்டைப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்த நாகவல்லிக்கு 1995 கோடை விடுமுறையில் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போய்விட்டது. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற காற்றுதான் மிச்சம். தலைமையாசிரியை சுசீலா அவரைத் தையல் வகுப்புக்கு மாற்றினார்.

அந்த வருடம்தான் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஒருநாள் கம்ப்யூட்டர் டீச்சர் பத்மா பிள்ளைகளுக்கு அதில் ஒரு எண்ணைத் தட்டி 'பீப்' என்று சத்தம் வரவழைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த எண்ணைக் கூட்டினால் சத்தத்தின் சுருதி மேலே போனது. வராந்தாவில் போன நாகவல்லி நின்றார். உள்ளே வந்து அவள் காதருகில் குனிந்து, "இதுல ஸ ரி க ம வருமா?" என்றார்.

"எனக்குப் பாட்டு தெரியாதே டீச்சர்!"

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. உக்காரு."

சாப்பாட்டு நேரமெல்லாம் அங்கேயே கழிந்தது. பத்மா எண்ணை மாற்றுவாள். நாகவல்லி கண்ணை மூடிக் கேட்டு, விரலை மேலே காட்டுவார், கீழே காட்டுவார். ஸ்வரம் சரியாக விழுந்தால் பத்மாவின் தோளில் ஒரு தட்டு. சரளி வரிசை தயாரானதும் சுசீலாவிடம் போட்டுக் காட்டினார்கள். "சரி, ஒரு மாசம் பாக்கலாம்" என்று பாட்டு வகுப்பைத் திருப்பிக் கொடுத்தார் அவர்.

முதல் நாள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா டீச்சர், ரிவர்ஸ் எடுக்குற வண்டி மாதிரி கீது!" என்றாள் பேபி என்ற ஐந்தாம் வகுப்புப் பெண். ஆனால் சுருதி பிசகாமல் பாடினார்கள். பிசகாமல் என்றால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. குழைவு, அசைவு எதுவும் இல்லை. அது கம்ப்யூட்டருக்குத் தெரியாத சங்கதி. நாகவல்லி கையை உயர்த்திக் காற்றில் மெல்ல அசைத்தார். பிள்ளைகளின் குரலும் கூடவே அசைந்தது.

ஆண்டு விழா வந்தது. கம்ப்யூட்டரை மேடைக்குக் கொண்டுபோகச் சுசீலா சம்மதிக்கவில்லை. "தூசி பட்டுக் கெட்டுப்போனா யாரும்மா பதில் சொல்றது?"

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சுருதி கொடுக்க எதுவுமில்லை. நாகவல்லி கையை உயர்த்தியதும் அத்தனை பேரும் ஒரே குரலில் "பீப்ப்ப்" என்றார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பீப்பைப் பிடித்துக்கொண்டே 'ஸ' எழுந்தது. நாகவல்லியின் கை காட்டிய வழியில் பாட்டு வளைந்து, குழைந்து போனது. சிரிப்பு அடங்கிவிட்டது. சுசீலா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஜூனில் வந்த கால அட்டவணையில் பாட்டுக்கு நேராக நாகவல்லியின் பெயர் இருந்தது. பத்மா தனக்கும் பாட்டு கற்றுத்தரச் சொல்லி அடம்பிடித்தாள். அவள் பாடியதைக் கேட்டு நாகவல்லி சிரித்தார். சத்தமே வரவில்லை, தோள் இரண்டும் குலுங்கின.