ஏழு நிமிடம் குறைந்த கௌபாய் படம்

செல்வின் போய்விட்டான் என்று அவன் மகள் போனில் சொன்னபோது, நான் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டிக்காக நின்றிருந்தேன். அவனைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. இந்த அஞ்சலியில் ‘அவர்’ என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை, மன்னியுங்கள்.

திருமுடிவாக்கம் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவன் உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் கெடுபிடியான இன்ஸ்பெக்டர். அளவு ஒரு நூல் தவறினாலும் பீஸைத் திருப்பி அனுப்புவான். அதே கெடுபிடியைப் பழைய கௌபாய் படங்களிடமும் காட்டினான். காப்புரிமை முடிந்து, இணையக் காப்பகங்களில் இலவசமாகக் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடி இறக்குவான். ஒவ்வொன்றையும் கடைசி வரை உட்கார்ந்து பார்த்து, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறித்த பிறகுதான் ஹார்டு டிஸ்கில் சேர்ப்பான்.

“உலகத்துக்கே ஃப்ரீயா போட்டு வெச்சிருக்கான். நீ எதுக்குடா மறுபடி சேத்து வெக்கிற?” என்று கிண்டல் செய்வேன்.

“இன்னைக்கு இருக்கு மச்சான். நாளைக்கு அந்த பேஜே இருக்காது,” என்பான்.

டிஸ்க் நிரம்பியபோது, இரண்டு முறை இறக்கியவற்றை அழிக்கும் வேலையை என்னிடம் விட்டான். ஒரு படத்துக்கு இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று பளிச்சென்று இருந்தது. மற்றது மங்கல், கரகரவென்று சத்தம். மங்கலை அழித்தேன். அவன் குறித்திருந்த நிமிடத்தைப் பார்க்கவில்லை. பளிச்சென்றது ஐம்பத்தொன்று, மங்கல் ஐம்பத்தெட்டு. பளிச்சென்றதில் இல்லாத கடைசி ஏழு நிமிடத்தை மங்கலிலிருந்து எடுத்து ஒட்டி முழுப் படமாக்க வைத்திருந்தானாம். காப்பகத்தில் போய்ப் பார்த்தால், அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

செல்வின் கத்தவில்லை. “பாலிஷ் போட்ட பீஸைத்தான் முதல்ல அளக்கணும்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்,” என்றான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. அதன்பின் இரண்டு வருடம் இருவரும் தேடினோம். “பேஜாராயிடுச்சு மச்சான்,” என்று சொல்லிக்கொண்டே அடுத்த காப்பகத்தைத் திறப்பான். படம் எப்படித்தான் முடியும் என்று கேட்டால், “கெடச்சதும் நீயே பாரு,” என்பான்.

உடம்பு முடியாமல் கிடந்தவனைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, நான் உட்காரும் முன்பே, “கெடச்சுதா?” என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொய்தான் வந்தது.

“கெடச்சிடுச்சுடா.”

“எத்தனை நிமிஷம்?”

கேட்பான் என்று தெரிந்திருக்க வேண்டும். தினமும் கண்ணில் படுகிற எண்தான் வாயில் வந்தது. “ஐம்பத்தொண்ணு.”

கண்ணை மூடிக்கொண்டான். “அது நம்மகிட்ட இருக்கிறதுடா,” என்றான். “பரவாயில்ல, தேடு.”

மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் கிளம்பியிருந்தேன்.

டிஸ்குகளை அவன் மகள் என்னிடமே கொடுத்துவிட்டாள். ஒன்றைத் தவிர எல்லாப் படமும் முழுசாக இருக்கிறது. அந்த ஒன்றின் முடிவைச் சொல்லாமலே அவன் போய்விட்டான். எனக்கு மிஞ்சியது அந்த ஐம்பத்தொரு நிமிடமும், அவனிடம் ஒரு நொடிகூட நிற்காத என் பொய்யும்தான்.

இன்று காலையும் தேடினேன், செல்வின். கிடைக்கவில்லை.