மெர்லிண்டாவின் வலது கை

மெர்லிண்டாவுக்கு வாய் ஜாஸ்தி. டீச்சர் வேலையை விட்டுவிட்டு முப்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவள். வயதானவர்களின் கைப்பிடி பலம் குறைவதற்கும் அவர்களுக்கு வரும் நோய்களுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நானும் அதே துறையில்தான் படிக்கிறேன். பிலிப்பைன்ஸில் டுமாங்காஸ் எங்கள் ஊர். நானும் அவள் தெருதான். அவளை விடச் சின்னவள் என்பதால் மனாங், அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன்.

தினமும் காலையில், ஊர்க் கூடத்தில் கிழவர்கள் இஞ்சிக் கஞ்சிக்கு வந்து சேருமுன், அவர்கள் கைப்பிடியை அளக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளே அதை ஒரு தடவை அமுக்குவாள். முள் எப்போதும் முப்பது கிலோவில் போய் நிற்கும். மழை தொடங்கியதும் இருபத்தாறு ஆனது. அப்புறம் இருபத்திரண்டு.

"மெஷின் செத்துப்போச்சு," என்றாள்.

வாங்கி நான் அமுக்கினேன். எனக்கு எப்போதும் போலத்தான் காட்டியது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவள் அப்பாவை எனக்குத் தெரியும். மீன் கூடை தூக்கிய மனுஷன். முதலில் கையிலிருந்து கரண்டி விழுந்தது. பிறகு கால் போனது, கடைசியில் விழுங்கவும் முடியவில்லை. நாற்பதைத் தாண்டவில்லை. அவருடைய அம்மாவும் அப்படித்தான் போனாள் என்று தெருவே பேசும். மெர்லிண்டா மட்டும் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அப்பாவுக்கு என்ன என்று யாராவது கேட்டால் காய்ச்சல் என்பாள்.

கருவியைப் பழுது பார்க்க மணிலாவுக்கு அனுப்பினாள். ஒரு கோளாறும் இல்லை என்று திரும்பி வந்தது. அன்றிலிருந்து, "நீயே அமுக்குடி, என் கை ஈரமா இருக்கு," என்பாள். பித்தான் வைத்த சட்டை போடுவதையும் விட்டுவிட்டாள். என் பயம் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஊர்க் கிழவனுக்கெல்லாம் கை பாக்குறியே, நீ ஆஸ்பத்திரிக்குப் போயேன் மனாங்."

"எனக்கென்னடி கேடு? உன் வேலையப் பாரு."

போன வாரம் லோலோ சிம்பிளிசியோ வந்தார். எண்பது தாண்டிய தாத்தா, படகு வலித்த கை. அமுக்கிவிட்டு, "உன் மெஷின் தாங்குமா தாயி?" என்று சிரித்தார். அவர் கிளம்பும்போது மெர்லிண்டா குனிந்து, பெரியவர்களுக்குச் செய்வதுபோல அவர் கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைக்கப் போனாள். பாதியிலேயே அவர் கை அவள் பிடியிலிருந்து நழுவி விழுந்தது. மறுபடி பிடித்தாள். மறுபடியும் விழுந்தது.

தாத்தா அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டார். "காலைல கஞ்சி குடிக்கலையா நீ?" என்று கேட்டு, தானே கையை அவள் நெற்றியில் வைத்துவிட்டுப் போனார்.

கூடம் காலியாகிவிட்டது. அவள் நிமிர்ந்து, கிழவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"கேளு," என்றாள்.

"என்னத்த கேக்க?"

"எல்லாரையும் கேக்குறதத்தான்."

பெயர் கேட்டேன், வயது கேட்டேன். பதில் சொன்னாள். அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம். ஆனாலும் தாளைப் புரட்டித் தேடினேன்.

"கேளுடி."

"வீட்ல யாருக்காவது கை கால் பலம் போயிருக்கா?"

"அப்பாவுக்கு," என்றாள். "அவரோட அம்மாவுக்கும்."

கருவியை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.