அம்மணிக்கு ஒரு கலர் டிவி

கல்யாணமான எட்டாவது மாதத்தில் எனக்கு இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் ஒருத்தி பிறந்தாள். பிறந்த இடம் காந்திபுரத்தில் ஒரு டிவி கடை. பெற்றெடுத்தவர் என் கணவர்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரிலிருந்து பல்லடத்துக்கு வாழ வந்தவள் நான். வீட்டில் மூன்றே பேர். கணவர், அவருடைய அம்மா, நான். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டை ஒட்டியே பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிற ஷெட். பகலெல்லாம் தடதடவென்று சத்தம், வீடெல்லாம் பஞ்சுத் தூசி. அதற்குப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒரே ஒரு குறை இருந்தது, அதை வெளியே சொல்ல முடியாது.

என் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு வீடியோ கேம் இருந்தது. அண்ணன் தனக்கென்று வாங்கியது. அவனைவிட நான் நன்றாக ஆடியதால் கடுப்பாகி எனக்கே கொடுத்துவிட்டான். குட்டி ஆள் ஒருவன் ஓடுவான், குழி வந்தால் தாண்டுவான், பழம் கிடைத்தால் தின்பான். அவ்வளவுதான் ஆட்டம். எனக்கு அதில் பைத்தியம்.

புது மருமகள் பட்டப்பகலில் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொம்மையை ஓட்டிக்கொண்டிருந்தால் மாமியார் என்ன நினைப்பார்? அதனால் திருட்டுத்தனமாக ஆடினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அத்தை உள் அறையில் போய்ப் படுப்பார். நான் ஆன்டெனா வயரைக் கழற்றி கேமை மாட்டுவேன். டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவேன், மிச்சத்தைத் தறிச் சத்தம் பார்த்துக்கொள்ளும். நாலு மணிக்குக் காபி வைக்கிற நேரத்தில் பெட்டி பூட்டியிருக்கும், ஆன்டெனா மாட்டியிருக்கும், நான் பயபக்தியோடு பால் காய்ச்சிக்கொண்டிருப்பேன்.

வீட்டில் இருந்தது கதவு வைத்த பழைய கறுப்பு வெள்ளை டிவி. என் ஆட்டத்தில் சிவப்புப் பழம் தின்றால் உயிர் கூடும், பச்சைப் பழம் தின்றால் செத்துப்போவோம். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். எத்தனை தடவை நம்பித் தின்று செத்திருப்பேன்!

அந்த டிவியில் செய்தி வாசிக்கிறவர்களின் முகமெல்லாம் புடலங்காய் மாதிரி நீண்டு தெரிய ஆரம்பித்தபோது, கலர் டிவி வாங்குவதென்று முடிவானது. அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கதவு வெச்ச டிவியாப் பாருங் கண்ணு. பஞ்சு உளுகும்." நானும் கணவரிடம் தனியாக ஒரு நிபந்தனை போட்டேன். என் விளையாட்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். புது டிவி வந்ததும் அவரே அத்தையிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். டிவியைவிட எனக்கு அதுதான் முக்கியம். ஒளிந்து ஒளிந்து ஆடி அலுத்துவிட்டது. "நாஞ் சொல்லிர்றேன் அம்மணி" என்று தலையாட்டினார்.

கேமை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு காந்திபுரத்தில் பஸ் இறங்கினோம். கடையில் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே மீன்தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. மீனைக் காட்டினால் எந்த டிவியும் நன்றாகத்தான் தெரியும். எனக்கு என் ஆட்டத்தை மாட்டிப் பார்க்க வேண்டும். கணவரை முழங்கையால் இடித்தேன்.

அவர் பையை நீட்டி, "இதெ மாட்டிப் பாக்கலாமுங்களா? எங்க ஊட்டு அம்மணி வெளையாடுமுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் அம்மணி என்றால் ஆறு வயதுக்கும் பொருந்தும், அறுபது வயதுக்கும் பொருந்தும். விற்பனையாளர் ஆறு வயதை எடுத்துக்கொண்டார். "அப்படீங்களா! பாப்பா எத்தனாவது படிக்குதுங்க?" என்று ஆசையாகக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் என் கணவருக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. "ரெண்டாவதுங்க" என்றார்.

நான் அவரைப் பார்த்த பார்வையில் மீன்தொட்டியே வற்றியிருக்க வேண்டும். அவர் கூரையில் ஓடிய ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் எப்படிக் கையில் வாங்கி ஆடிக் காட்டுவது? விற்பனையாளரே ஆடினார். மகா மோசமாக ஆடினார். முதல் குழியிலேயே விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். என் விரல்கள் கைப்பையின் பிடியை அழுத்திக்கொண்டே இருந்தன.

ஆனாலும் கண் என்னுடையதாயிற்றே. முதல் டிவியில் சிவப்பு கசிந்து பக்கத்தில் இருப்பதிலெல்லாம் ஒட்டியது. இரண்டாவதில் நிறம் சுத்தம், ஆனால் படத்தின் மேல் ஓரம் வெட்டுப்பட்டு எண்கள் மறைந்துபோயின. "மேல மார்க் தெரியலீங்களே" என்றேன். "பாப்பாவுக்கு மார்க் முக்கியமில்லீங்களா!" என்று அவர் சிரித்துக்கொண்டே மூன்றாவதுக்கு மாற்றினார். இருபத்தோரு இன்ச். மார்க் முழுசாகத் தெரிந்தது. பழங்கள் சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் நின்றன. வயரைச் செருகுகிற துளைகள் முன்பக்கத்திலேயே இருந்தன, டிவியைத் திருப்ப வேண்டாம். "இதுதானுங்க" என்று சொல்லிவிட்டேன். கதவு மட்டும் எதிலும் இல்லை.

கிளம்பும்போது அந்த நல்ல மனிதர் ஒரு பென்சில் டப்பாவை என் கையில் கொடுத்தார். "பாப்பாவுக்குங்க." வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்வது.

பஸ் சூலூரைத் தாண்டியது. கடைசியில் அவரே ஆரம்பித்தார். "அவரு ஆசையாக் கேட்டாரு அம்மணி. இல்லீன்னு சொன்னா சங்கடப்படுவாரல்ல?"

"எனக்குச் சங்கடமில்லீங்களா?" என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. கடைக்காரரிடமே சொல்லக் கூச்சப்படுகிறவர் அம்மாவிடம் எங்கே சொல்லப்போகிறார் என்று எனக்கு அப்போதே நம்பிக்கை விட்டுப்போயிற்று.

மூன்றாம் நாள் வேனில் டிவி வந்தது. கூடவே அதே விற்பனையாளரும் வந்தார். கணவர் ஷெட்டில் இருந்தார். அத்தைதான் வரவேற்றார். "கதவு எங்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

"கலர் டிவிக்குக் கதவு வர்றதில்லீங்கம்மா. துணி போட்டு மூடிக்கலாமுங்க" என்றவர், வீட்டைச் சுற்றிப் பார்த்து, "பாப்பா இன்னும் ஸ்கூல்ல இருந்து வரலீங்களா?" என்றார்.

"எந்தப் பாப்பா?"

"உங்க மகனோட பாப்பாதானுங்க. ரெண்டாவது படிக்குதுன்னு சொன்னாருங்களே."

அத்தை அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். பஞ்சு ஒட்டிய தலையோடு கணவர் உள்ளே நுழைந்தது சரியாக அந்த நேரத்தில். "ஏண்டா" என்றார் அத்தை. "எந்த ஊர்லடா? ரெண்டாவது படிக்கிற புள்ளையா?"

"அது வந்துங்மா..." என்று ஆரம்பித்தவர், விற்பனையாளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நின்றுவிட்டார். இரண்டு பேரில் யார் மனமும் நோகாமல் என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. பாவமாகவும் இருந்தது, பொறுமையும் போயிற்று.

"பாப்பாவெல்லாம் இல்லீங்கத்தை" என்றேன். "அந்த அம்மணி நாந்தானுங்க. வீடியோ கேம் வெளையாடறது நானுங்க."

விற்பனையாளர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அத்தை சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். வயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "அட சாமி, அவ்வளவுதானா! நான் இவன் வேற குடும்பம் வெச்சிருக்கிறானாட்ட இருக்குதுன்னு பயந்தே போயிட்டேன்."

டிவியை மேசையில் ஏற்றி ஆன் செய்தார்கள். விற்பனையாளர் கேமை முன்பக்கத் துளைகளில் மாட்டிவிட்டு, இந்தத் தடவை கண்ட்ரோலரை என்னிடம் நீட்டினார். மூன்று பேர் பார்க்க நான் ஆடுவது அதுதான் முதல் முறை. அவசர அவசரமாகப் பொத்தானை அழுத்தினேன். குட்டி ஆள் நிறம் நிறமாக ஓடி வந்து, முதல் குழியிலேயே தொப்பென்று விழுந்தான். தன்னைப் போலவே மோசமாக ஆடுகிறவர் ஒருவர் கிடைத்த சந்தோஷத்தில் விற்பனையாளர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"சிரிக்காதீங்க" என்றார் அத்தை அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏங் கண்ணு அவசரப்படறே? அந்தக் குழி வந்தா ஒரு எட்டு பின்னால போய்ட்டுத்தான எப்பவும் தாண்டுவே?"