கேஸ் வரிசையில் ஒரு கோப்பை

வாசகரே, நீங்களே சாட்சி. எரிபொருள் விலையை உயர்த்தினால் நகரத்துப் புகை அடங்கும் என்று விவாதப் போட்டியில் வாதாடி வென்ற கோப்பையை ஏந்தியபடி, ஒக்கலிபுரத்துக் கேஸ் பங்க்கில் ஆட்டோ தேடி நிற்கிறேன். போகவேண்டிய ரயில் நிலையம் அருகில்தான். கேஸ் நிரப்ப நிற்கும் ஆட்டோ வரிசையோ சாலை வரை நீள்கிறது. கோப்பையின் கதையை என்னிடம் கேட்டறிந்த, என் வயதொத்த ஓட்டுநர் ஒருவர் என் வெள்ளைக் கைக்குட்டையைக் கேட்டு வாங்கி, தம் வண்டியின் புகைக்குழாயைத் துடைத்துத் திருப்பித் தருகிறார். கரி ஒட்டவில்லை. என் வாதமே வெளுப்பாய் விரிந்து கிடக்கிறது, நெஞ்சு நிமிர்கிறது.

"பெட்ரோல் ஏறிச்சு, கேஸுக்கு மாறிட்டேன். நீங்க பேசினது கரெக்ட்டு, தலைவரே. ஆனா காலையிலேர்ந்து சவாரி இல்லாம இங்கயே நிக்கறேன். பங்க் பத்தலைன்னு பேசினீங்களா?"

"இல்லை. ஸ்டேஷனுக்கு வருகிறீர்களா?"

"வந்தா என் இடம் போயிடும். கப்போட நடங்க, ஊரே பாக்கட்டும்!"

வரிசை முழுவதும் சிரிக்கிறது. நானும் சிரித்து, அத்தனை பேருக்கும் கேட்க முழங்குகிறேன்: "அடுத்த மேடையில் இந்தக் கைக்குட்டையை விரித்துக் காட்டுவேன், விலையைப் பற்றிப் பேசுமுன் கூடுதல் கேஸ் பங்க்குகளைக் கேட்பேன்!"