கொழுந்து வாசலில் காத்திருந்தவள்

போன மாதம் ஒரு நாள் வீட்டில் கரன்ட் இல்லை. பத்திரிகைக்குப் பத்தி அனுப்ப வேண்டிய நாள் வேறு! லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஓப்பநாயக்கவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய தேயிலை பெக்டரிக்குப் போனேன்.

பயப்படாதீர்கள்... இப்போது அது ஒஃபிஸ். முன்பு தேயிலைக் கொழுந்து வாட்டிய மாடியில் வைஃபை, ஏசி, சுழல் நாற்காலி. என்னைப் போன்றவர்களுக்கு ஒரு மேசை வாடகைக்கும் கிடைக்கும்.

நடத்துபவர் பலாங்கொடை நிஸ்தார். அன்று அவர் முகமே சரியில்லை. கஸ்டமர்களோடு போனில் பேச, தமிழும் சிங்களமும் தெரிந்த ஒரு தோட்டத்துப் பெண்ணை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தாராம். நேரம் தாண்டிவிட்டது. போனும் கிடைக்கவில்லை. வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்று அலுத்துக்கொண்டார்.

எனக்கோ ஒரு வரியும் ஓடவில்லை. காலாறக் கட்டடத்தைச் சுற்றி நடந்தேன்.

பின்பக்கம், முன்பு கொழுந்து இறக்கிய வாசலில், ஃபைலை மடியில் வைத்தபடி ஒரு பெண். பெயர் தர்ஷினி. பக்கத்தில் அவள் அம்மா, இன்னும் கொழுந்து பறிக்கிறவர். காலையிலேயே வந்துவிட்டார்களாம். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். மலையடிவாரம் – சிக்னலும் இல்லை.

ஏன் முன்னால் வரவில்லை என்று கேட்டேன்.

"முன்வாசல் தொரமாருக்கு தானேங்க," என்றார் அம்மா. "நாங்க கொழுந்து கொண்டாந்ததெல்லாம் இங்கதான்."

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது? பெக்டரியை ஆண்ட துரை போய் எவ்வளவோ காலமாகிறது!

ஓடிப்போய்ச் சொன்னேன். நிஸ்தார் தானே இறங்கி வந்து, "வாங்க மகள், முன்னால போவோம்" என்றார். தர்ஷினி எழுந்து போனாள். அம்மாவையும் கூப்பிட்டார், அவர் அசையவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அவளைவிட அதிக சந்தோஷம்.

நேற்று மறுபடி போயிருந்தேன். மாலையில் மகளை அழைத்துப்போக அம்மா வந்திருந்தார். எங்கே நின்றார் என்று நினைக்கிறீர்கள்? அதே பின்வாசலில்தான்.

தர்ஷினி முன்வாசலால் இறங்கி, கட்டடத்தைச் சுற்றிப் போய், அம்மாவின் கையைப் பிடித்தாள். மெதுவாக முன்னால் கூட்டி வந்தாள். படியேறி, மேசைகளைத் தாண்டி, தன் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார வைத்தாள். பிறகு இருவரும் அதே வாசலால் வெளியே போனார்கள்.

பெக்டரியை ஒஃபிஸாக மாற்றும் கட்டட வேலை போன வருடமே முடிந்துவிட்டது என்கிறார் நிஸ்தார். எனக்கென்னவோ, நேற்றுத்தான் முடிந்தது என்று படுகிறது.