மெயின்டெனன்ஸ் என்றால் என்னவென்று நினைத்தீர்கள்?

காலேஜில் பிளேஸ்மென்ட் ஆபீசர் வேலை என்பது, பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் "பசங்க கெட்டிக்காரங்க" என்றும், கிடைக்காவிட்டால் "அந்த மேடம் என்னத்தக் கிழிச்சாங்க" என்றும் கேட்டுக்கொள்கிற வேலை. இதே நாற்காலியில் வேறு வேறு ஊர்களில் உட்கார்ந்து அவஸ்தைப்படுகிற சகோதர சகோதரிகளே, உங்களிடம் சொன்னால்தான் ஆறும். என் நாற்காலி ஒரகடம் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கார் கம்பெனி, மறு பக்கம் காருக்குக் கண்ணாடி செய்கிற கம்பெனி. நடுவில் எங்கள் மெக்கானிக்கல் பிரிவு ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

பூட்டு

காலேஜை நடத்துகிறவர் எங்கள் கரஸ்பாண்டென்ட். ஒருநாள் மீட்டிங்கில், "கம்ப்யூட்டருக்கு ஜனங்க வரிசையில நிக்குது. மெக்கானிக்கல்ல பாதி பெஞ்சு காலி. மூடிட்டு ஒர்க்‌ஷாப்பை கம்ப்யூட்டர் லேப் ஆக்கிடலாம்" என்றார். மெக்கானிக்கல் துறைத் தலைவர் தனசேகர் சார் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடினால் அவரும் அவருக்குக் கீழே இருக்கிற வாத்தியார்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு மீட்டிங் தமிழ் வராது, ஊர்த் தமிழ்தான் வரும். "இன்னா சார் இது? சுத்தி இத்தினி கம்பெனி கீது. நடுவுல உக்காந்துகினு மெக்கானிக்கல மூடினா ஊரு சிரிக்காதா? இங்க இன்னா வேலைக்கு ஆள் கிடைக்கலன்னு நான் கணக்கெடுத்துத் தர்றேன். அதுக்கேத்த மாதிரி படிப்பை மாத்திப் பாப்போம்" என்றேன். சொன்ன பிறகுதான் எங்கே நின்று பேசுகிறேன் என்று உறைத்தது. நல்லவேளை, அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு அட்மிஷன் சீசன் தவணை கொடுத்தார்.

"கணக்கெல்லாம் நீங்களே வச்சிக்குங்க மேடம். சீட்டு நிரம்பலன்னா நானே பூட்டு வாங்கியாந்துடுவேன்."

கட்டடம் உயரத்துக்கு ஒரு கோடு

கம்ப்யூட்டர் பிரிவில் பிரவீன் என்று ஒரு இளம் லெக்சரர். நல்ல பிள்ளை. வேலைவாய்ப்பு இணையதளங்களில் நம் ஏரியாவுக்கு வந்த விளம்பரங்களை எல்லாம் திரட்டி, கலர் கலராக வரைபடம் போட்டுக் கொடுத்தார். அதில் "புரொடக்‌ஷன் ஆபரேட்டர்" என்ற கோடு மட்டும் எங்கள் காலேஜ் கட்டடம் உயரத்துக்கு நின்றது. "மேடம், கண்ணை மூடிக்கினு ஆபரேட்டர் கோர்ஸ் ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

எனக்கு என்னவோ இடித்தது. இவ்வளவு காலி இடம் இருந்தால், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் பையோடு நிற்கிற தெற்கத்திப் பிள்ளைகள் ஏன் இன்னும் வேலை தேடுகிறார்கள்? சுவரில் ஒட்டியிருந்த "ஆட்கள் தேவை" போஸ்டர்களில் இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். வேறு வேறு ஏஜென்சி, வேறு வேறு குரல். கடைசியில் எல்லோரும் சொன்னது ஒரே கம்பெனி, ஒரே உற்பத்தி லைன். போன சீசனிலும் அதே லைனுக்குத்தான் ஆள் தேடியிருக்கிறார்கள். ஒரு ஏஜெண்ட் அலுத்துப்போய் உண்மையைக் கக்கிவிட்டார்.

"அது புது வேலை இல்ல மேடம், அதே வேலைதான். ஆளுதான் நிக்க மாட்றான்."

வயிற்றைக் கலக்குகிற கேள்வி

அன்றோடு "எத்தனை பேர் வேண்டும்?" என்று கேட்பதை விட்டேன். அதற்கு எல்லாக் கம்பெனியும் ஒரே பாட்டைத்தான் பாடும். என் கேள்வியை மாற்றினேன்: "எந்த ஆள் லீவு போட்டால் உங்களுக்கு வயிறு கலங்கும்?" இதை நானே கண்டுபிடித்தேன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த வயதில் தற்பெருமை கூடாதுதான், ஆனாலும் சொல்லிக்கொள்கிறேன்.

சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனி, எங்கே கேட்டாலும் ஒரே பதில் வந்தது: மெயின்டெனன்ஸ் ஆள். நின்றுபோன மெஷினை மறுபடி ஓட வைக்கிறவர். அவருக்கு மெக்கானிக்கலும் தெரிய வேண்டும், கரண்டும் தெரிய வேண்டும், சென்சாரும் தெரிய வேண்டும். அப்படிப் படித்து வருகிறவர்கள் இல்லை. வந்தவர் போவதும் இல்லை. ஹெச்.ஆர். சொல்வதை மட்டும் நம்பக் கூடாதென்று இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மெஸ்ஸுக்குப் போய், நைட் ஷிப்ட் முடிந்து தோசை தின்றுகொண்டிருந்த திருநெல்வேலித் தம்பியிடமும் கேட்டேன். வாயில் தோசையோடு பதில் சொன்னான்.

"லைன் நின்னுட்டுன்னா நாங்க அத்தன பேரும் சும்மா நிப்போம்க்கா. அந்த அண்ணன் வந்து என்னத்தயோ தட்டுவாரு, ஓடிரும். அவரு கேன்டீனுக்கு வந்தா மேனேஜரே நவுந்து எடம் குடுப்பாருக்கா."

சட்டை முதுகு

இந்தக் கணக்கை வைத்து, மெக்கானிக்கலையே மாற்றி மெயின்டெனன்ஸ் டிப்ளமோ ஆக்கினோம். அனுமதியும் வந்தது. தனசேகர் சார் உட்கார்ந்து பாடத்திட்டத்தை இழைத்து இழைத்து எழுதினார். வாசலில் பேனர் கட்டினோம். ஜனங்கள் வந்தார்கள், பேனரைப் படித்தார்கள், கம்ப்யூட்டர் மேஜைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தர்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. தனசேகர் சார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார்.

கடைசியில் வல்லத்திலிருந்து கஸ்தூரி என்கிற அம்மா, மகள் சரண்யாவோடு வந்தார். அம்மாவுக்குக் கண்ணாடிக் கம்பெனியில் கூட்டித் துடைக்கிற ஹவுஸ்கீப்பிங் வேலை. ஷிப்டுக்குப் போகிற வழியில் வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு மெஷின் என்றால் ஆசை. அம்மாவுக்கோ எங்கள் பேனரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, இந்தப் படிப்புல இன்னா குறை?" என்று கேட்டேன். அவர் திரும்பி முதுகைக் காட்டினார். நீலச் சட்டையில் ஏஜென்சி பெயருக்குக் கீழே, கொட்டை எழுத்தில், "மெயின்டெனன்ஸ் சர்வீஸ்".

"நான் போட்டுகினு கீற சட்டைய எம் பொண்ணும் போட, மூணு வருசம் படிக்கணுமா மேடம்?"

பேனர் மாறியது

ஐயோ, ஊரில் பாதிப் பெண்கள் அந்தச் சட்டையில்தான் பஸ் ஏறுகிறார்கள், நான் தினமும் பார்க்கிறேன்! கஸ்தூரியம்மாவை உட்கார வைத்தேன். "உங்க கம்பெனியில லைன் நின்னா யாரு ஓடியாருவாங்க?" என்றேன். "டூல் பையோட ஒர்த்தரு வருவாரு. பெரிய ஆபீசருங்களே அவரு பின்னால நிப்பாங்க" என்றார். "அந்தப் படிப்புதாம்மா இது" என்றேன். "அத்த அப்டியே எழுத வேண்டியதுதானே!" என்று என்னைத் திட்டினார். நியாயமான திட்டு.

மறுநாள் புதுப் பேனர்: "லைன் நின்றால் கூப்பிடும் ஆள் ஆகலாம்." தனசேகர் சாருக்கு முதலில் அவமானம், டிப்ளமோவுக்கு இப்படியா பேர் வைப்பது என்று முனகினார். ஆனால் சரண்யா சேர்ந்தாள், அவளைப் பார்த்து வல்லத்துப் பிள்ளைகள் வந்தார்கள், அட்மிஷன் முடிவதற்குள் பெஞ்சு நிரம்பிவிட்டது. சார் என்னிடம் வந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இத்தனை வருஷமா நான் என்ன சொல்லித் தர்றேன்னு என் சொந்தக்காரங்களுக்கே புரியல மேடம். இன்னிக்கு ஷேர் ஆட்டோக்காரர் எனக்கே விளக்கிச் சொல்லிக்கினு வர்றாரு."

இரண்டு மடங்கு

அடுத்த வருடம் கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. சீட்டை இரண்டு மடங்காக்கிவிடலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். சுற்றியுள்ள கம்பெனிகளில் இந்த வேலைக்கு எவ்வளவு இடம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் பிள்ளைகளைப் படிக்க வைத்துத் தள்ளினால், அவர்களும் போஸ்டர் நம்பருக்குப் போன் போட வேண்டியதுதான். முதல் பேட்ச் வேலைக்குப் போகட்டும், அப்புறம் பேசலாம் என்றேன். மனுஷர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"காலியா கீது, மூடலாம்னாலும் வாணாம்ன்றீங்க. ரொம்புது, கூட்டலாம்னாலும் வாணாம்ன்றீங்க. இந்த காலேஜ் என்னுதா, உங்களுதா மேடம்?"

ஒரு போன்

மூன்று வருடத்தில் முதல் பேட்ச் படிப்பை முடித்தது. கேம்பஸ் இன்டர்வியூ அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் போட்ட கணக்கு தப்பென்றால், மாட்டிக்கொள்ளப்போவது நானில்லை, அந்தப் பிள்ளைகள். கம்பெனிகள் வந்தன, மெஷினைக் காட்டிக் கேள்வி கேட்டன, எடுத்துக்கொண்டன. சாயங்காலம் பார்த்தால் வேலை கிடைக்காமல் ஒரு பிள்ளைகூட மிச்சமில்லை. சரண்யாவைக் கண்ணாடிக் கம்பெனியே எடுத்தது. அம்மா வேலை செய்கிற அதே இடம். பெருமை தாங்காமல் நான் தனியாக என் ரூமில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன்.

அவள் வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் கஸ்தூரியம்மா போன் செய்தார். பின்னால் மெஷின் சத்தம். ஏதோ ஆகிவிட்டதென்று நான் பதறிப்போனேன். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிடிபடவில்லை.

"மேடம், லைன் நின்னுபூட்ச்சு. எல்லாரும் கத்திகினு கீறாங்க. டூல் பையோட எம் பொண்ணு ஓடியாந்துச்சு மேடம். பெரிய ஆபீசரு அது பின்னால நின்னுகினு கீறாரு. நான் தொடைக்கிற மாப்பைப் புட்ச்சிகினு அப்டியே நின்னுட்டேன். இப்போ ஓடுது மேடம், கேக்குதா?"

நன்றாகக் கேட்டது, ஆனாலும் மறுநாள் காலை அட்மிஷன் விசாரிக்க என் மேஜைக்கு வந்த முதல் அப்பா கேட்டது, "பக்கத்து காலேஜ்ல ஏ.ஐ. கீதாமே, உங்ககிட்ட இல்லியா?"